ஒத்திகையில் சின்னவன் சொன்ன பதில்

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா எழுதுவது. இருமல் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் இன்று அப்படி எழுத மனம் வரவில்லை. பதறாதே, முழுவதும் படி. போனில் சொல்லலாம் என்றால் வீட்டில் உன் குரல் கேட்டதும் அப்பா ஓடிவந்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுவார், இங்கே வாய்விட்டுச் சொல்ல முடியாத காரணம் படித்தால் புரியும், அதனால் நான் வேலை பார்க்கிற கண் ஆஸ்பத்திரியிலேயே சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முடித்ததும் படம் பிடித்து அனுப்புகிறேன்.

மருத்துவ உளவியலில் இந்தப் பருவத்துக்கு விருப்பப் பாடமாகக் குடும்ப சிகிச்சையை எடுத்திருப்பதாகவும், அதற்குச் சொந்தக் குடும்பத்தையே பேட்டி எடுத்து வகுப்பில் போட்டுக் காட்ட வேண்டும் என்றும் சொல்லி, கேள்விகளை முன்கூட்டியே அனுப்பியிருந்தாய் அல்லவா. அப்பா முதலில் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார், நம்ம வீட்டு விஷயம் நாலு பேர் சிரிக்கவா என்றார். மகளுடைய மார்க் சம்பந்தப்பட்டது என்றதும் ஒரேயடியாக மாறிவிட்டார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் புத்தி எங்கே போகும், லைசென்ஸ் பரீட்சைக்கு ஆள் தயார் செய்கிற மாதிரி நேற்று ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காரவைத்து ஒத்திகை நடத்தினார். உன் அத்தை பக்கத்துத் தெருவிலிருந்து பவுடர் பூசிக்கொண்டு வந்துவிட்டாள், ஒத்திகைக்கே. ஒவ்வொரு கேள்விக்கும் அவரே ஒரு பதில் வைத்திருந்தார். வீட்டில் யார் முடிவெடுப்பது என்று கேட்டால், எல்லோரும் கலந்து பேசித்தான் என்று நான் சொல்ல வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முறைத்தார்.

ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் சரியாகப் படவில்லை. இங்கே கண் பரிசோதனைக்கு வருகிறவர்களில் சிலர், முன்னால் இருப்பவர் படிப்பதைக் கேட்டு அந்த எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்து என்னிடம் கடகடவென்று ஒப்பிப்பார்கள். அட்டையை மாற்றினால்தான் ஒன்றும் தெரியவில்லை என்பது தெரியவரும். நம் வீட்டில் அட்டையை மாற்றியது சின்னவன். மனசு சரியில்லாவிட்டால் இந்த வீட்டில் யாரிடம் போவீர்கள் என்ற கேள்வி அவன் முறைக்கு வந்தது. "அம்மாகிட்டன்னு சொல்லு, கேக்க நல்லாருக்கும்" என்றார் அப்பா. அவன் மேசையைப் பார்த்துக்கொண்டே, "யார்கிட்டயும் போறதில்ல. வேலைய விட்டே ரெண்டு மாசமாச்சு, அதையே யார்கிட்டயும் சொல்லல" என்றான். தினமும் நான் கட்டிக்கொடுக்கிற சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கிடங்குக்குத்தான் போகிறான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்போ எங்கேடா போற என்றேன். "ரயில் பாலத்து மேல நிப்பேன்" என்றான். காத்து வாங்கவா என்று கேட்டாள் உன் அத்தை. அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது, ஆனால் வாயில் வந்தது என்னவோ, "அக்கா கேக்கும்போது இதெல்லாம் சொல்லித் தொலைக்காத" என்பதுதான். அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை, உனக்கே தெரியும், பயம் வந்தால் அவருக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். சின்னவன் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இரவு நான் அந்தக் கதவோரமே பாயைப் போட்டுப் படுத்தேன்.

போன வருஷம் நீ போனில் சொன்னாயே, நேராகக் கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்காமல் விடுவதுதான் ஆபத்து என்று. அன்று என்ன பிள்ளை, என்ன படிப்பு என்று நினைத்தேன். இன்று காலையில் அவன் செருப்பை மாட்டும்போது வாசலில் மறித்துக் கேட்டுவிட்டேன், சாகணும்னு தோணுதாடா என்று. பெற்ற வாயால் கேட்கிற கேள்வியா அது. "சில நாள் தோணும்மா" என்றவன், செருப்பு வாரை இழுத்துவிட்டுக்கொண்டே, "இன்னிக்கும்" என்றான். நான் அழவில்லை, திட்டவும் இல்லை. என்கூட வா என்று கையைப் பிடித்து இங்கே கூட்டிவந்துவிட்டேன். எங்கள் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவர் உடனே பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் பேசி இன்று மாலையே வரச் சொல்லியிருக்கிறார். இப்போது அவன் எதிர் பெஞ்சில், கண்ணில் சொட்டு மருந்து விட்டவர்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு வரி எழுதுகிறேன், ஒரு தரம் நிமிர்ந்து பார்க்கிறேன். காலையில் அவன் சொன்னது அப்பாவுக்கு இன்னும் தெரியாது, கார் வகுப்பு முடிந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்கே வரச் சொல்லி எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். கத்தினால் கத்தட்டும்.

அந்தப் பாடத்தையே விட்டுவிடச் சொல்லி உனக்கு எழுதும்படி அப்பா நேற்று சொன்னார். நான் அப்படி எழுத மாட்டேன், நீ அதையே படி. ஆனால் பேட்டிக்கு நம் வீடு வேண்டாம், உன் ஆசிரியையிடம் சொல்லி வேறு வழி கேள். மார்க் குறைந்தால் குறைந்துவிட்டுப் போகட்டும். இதைப் படித்ததும் எது இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு என் போனுக்குக் கூப்பிடு, அவனிடம் கொடுக்கிறேன். பதிவு எதுவும் செய்யாதே. அவனிடம் கேள்வியும் கேட்காதே கண்ணு, கேட்க வேண்டியதை நான் கேட்டுவிட்டேன். நீ அவனுக்கு அக்காவாக மட்டும் பேசு.

நீங்கள் இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், வேறு எதையும் இன்று எனக்கு வேண்டிக்கொள்ளத் தெரியவில்லை. இருமலுக்கு வெந்நீர் குடி.

மாலைவரை அவன் பக்கத்தை விட்டு நகராமல் இருக்கும்,
உன் அம்மா