ஓம் என்றதும் மேடைக்கு இறக்கப்பட்டதும், மாப்பிள்ளையின் விடுமுறையும்

அனுப்புநர்:
பரமநாதன் ஞானரட்ணம்,
ஒஸ்லோ, நோர்வே.

பெறுநர்:
விடுமுறைப் பிரிவு மேலாளர் அவர்கள்,
கசுமிதா மின்ரயில் நிறுவனம், ஜப்பான்.

பொருள்: ரயில் சாரதி ஷோதா மொரினோவுக்குத் திருமண விடுமுறை மறுக்கப்பட்டமை, அதற்கு முன்னர் என்னை வீணாகப் படியிறக்கியமை.

மதிப்புக்குரிய மேலாளர் அவர்களுக்கு,

1. உங்கள் நகரில் வேலை செய்யும் என் மகள் யதுர்ஷா இம்மனுவை ஜப்பானிய மொழிக்கு மாற்றுவாள். என் கோபத்துக்கு அவள் சீனி போட்டுவிடுவாள் என்பதால் தமிழ் மூலத்தையும் இணைத்துள்ளேன்.

2. அவள் உங்கள் சாரதி ஷோதாவை விரும்புவதை அறிந்ததும், நேரில் வந்து "இல்லை" என்று சொல்லவே நானும் மனைவி செல்வமலரும் சித்திரையில் விமானம் ஏறினோம். மாப்பிள்ளை வீட்டாரைச் சந்திக்கக் குறித்த இடம் உங்கள் பிரதான நிலையத்துக்கு மேலுள்ள உணவகம். நிலையம் உங்களுடையது, அதன் மேலுள்ள கடைத்தொகுதி உங்களுடையது, உணவகமும் உங்களுடையதே. மூன்று நகரங்களைத் தண்டவாளத்தால் இணைத்த நிறுவனத்துக்கு, ஓர் உணவகத்தின் வாசலைக் கண்ணில் படும்படி வைக்கத் தெரியவில்லை.

3. உங்கள் ஊழியரிடம் வழி கேட்டேன். அவர் "ஹோமு?" என்றார். உங்கள் மொழியில் அது ரயில் மேடையாம். எங்களுக்கோ "ஓம்" என்றால் சம்மதம். ஜப்பானிலும் நம்மைப் போலவே கதைக்கிறார்கள் என்ற மகிழ்ச்சியில் "ஓம், ஓம்" என்றேன். அவர் மிகப் பணிவாக எங்களைக் கீழே மேடையில் கொண்டுபோய் விட்டார். மேலேறி இன்னொருவரிடம் கேட்டோம். அவரும் "ஹோமு?" என்றார், நானும் விடவில்லை. மூன்றாம் முறை இறங்கியபோது செல்வமலர், "இன்னொருக்கா ஓம் எண்டு சொன்னியளெண்டால் நான் இஞ்சையே இருந்திடுவன்" என்றார். பழக்கதோஷத்தில் அதற்கும் உரத்து "ஓம்" என்றேன்.

4. அது காதில் விழுந்துதான், எங்களைத் தேடிக்கொண்டிருந்த ஷோதா சீருடையோடு படியிறங்கி ஓடி வந்தார். யதுர்ஷா தொலைபேசியில் எங்களுக்கு ஓயாமல் சொல்லும் சொல் அவருக்கு நன்கு பழக்கம். தொப்பியைக் கழற்றி, "ஓம், மாமா. மேல வாங்கோ" என்றார். செல்வமலரின் பையை வாங்கிக்கொண்டு முன்னே நடந்தார். நான் ஒஸ்லோவிலிருந்து கொண்டுவந்த "இல்லை" அந்த மேடையிலேயே தவறிப்போயிற்று. பயணிகள் தொலைத்தவற்றைப் பத்திரமாக வைத்திருந்து திருப்பித் தருபவர்கள் நீங்கள் என்று அறிகிறேன். அதை மட்டும் திருப்பித் தர வேண்டாம்.

5. திருமணம் ஆனிக் கடைசியில் ஒஸ்லோவில். மண்டபம் எடுத்தாயிற்று. இங்குள்ள குறொன்லாண்ட் கடைத்தெருவில் கூறைச் சேலை வாங்கியாயிற்று. ஸ்தவாங்கரிலுள்ள மைத்துனர் குடும்பம் ரிக்கெற்றும் போட்டுவிட்டது. நீங்களோ அந்த வாரம் சாரதிகள் போதாது, யூலை முடிவில் போகட்டும் என்று பதில் தந்துள்ளீர்கள். அதற்குள் ஆடி பிறந்துவிடும். ஆடியில் நாங்கள் கலியாணம் வைப்பதில்லை. இங்கே ரயில் ஓடாவிட்டால் பதிலுக்கு பஸ் விடுவார்கள். மணவறையில் மாப்பிள்ளைக்குப் பதிலாக எதை விடுவீர்கள்? வாய் ஓயாமல் "ஓம்" சொல்லும் என் மகள் இப்போது தொலைபேசியில் எதைக் கேட்டாலும் "தெரியாது" என்கிறாள். அது எனக்குத் தாங்கவில்லை.

6. ஆகையால், ஆனிக் கடைசி வாரத்தில் ஷோதாவை ஒஸ்லோவுக்கு அனுப்பிவைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். நீண்ட பதில் தேவையில்லை. "ஓம்" என்று ஒரு சொல் எழுதினால் போதும். எங்கள் பொருளில்.

இடம்: ஒஸ்லோ
திகதி: 02.06.2025

உங்கள் சாரதிக்கு ஏற்கெனவே மாமாவாகிவிட்ட,
(ஒப்பம்)
ப. ஞானரட்ணம்