பதிவில் இருக்கும் குரல்

இஞ்சாருங்கோ,

கட்டாரில் வேலைக்குப் போகும் வழியில் நாளைக்கும் எங்கள் வானொலியைப் போடுவீர்கள். என் குரலும் வரும். அதைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள்.

நிலையத்தைக் கொழும்புக் கம்பனி வாங்கிய நாளிலிருந்து பாட்டுகளை அங்கேயிருக்கும் கணினிதான் தேர்ந்தெடுக்கிறது. போன கிழமை குருநகர் இன்னாசித்தம்பியரின் மரண அறிவித்தலை வாசித்தேன். அதன்பின் கொஞ்சநேரம் வயலின் மட்டும் போவதுதானே எங்கள் வழக்கம்? கணினி குத்துப்பாட்டைத் தொடங்கிவிட்டது! நான் அதை நிறுத்தி வயலினைப் போட்டேன்.

செத்தவீட்டுக்குப் போனபோது அவர் மனைவி லூர்த்தம்மா என் கையை விடவேயில்லை. "நீ நிப்பாட்டினது எனக்குக் கேட்டது, பிள்ளை."

முகாமையாளருக்கும் கேட்டிருக்கிறது. "உம்மடை காலை வணக்கமெல்லாம் பதிவிலை கிடக்குத்தானே. இனி அது காணும், நீர் வரத் தேவையில்லை" என்றார். அழுகை வரும் என்று நினைத்தேன். சைக்கிளில் நல்லூர் தாண்டும்போது பார்த்தால், பாடிக்கொண்டு வருகிறேன்.

நாளைக் காலை வானொலியில் நான் உங்களுக்கு வணக்கம் சொல்லும் நேரம், கீரிமலைக் கேணியில் ஆசைதீரக் குளித்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்ததும் அழைக்கிறேன். நான் என்ன பாட்டுப் பாட வேண்டுமென்று யோசித்து வையுங்கள்.

இப்படிக்கு,
அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி