அந்தோனியாருக்கு நேர்ந்த கிளவுஸ்

தோஹா

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? அம்மா இடித்த மிளகாய்த்தூளை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். இங்கே எதுவும் உறைப்பதில்லை.

எங்கள் உதைபந்தாட்டக் கழகம் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றதை றெஜி அண்ணை அனுப்பிய வீடியோவில் பார்த்தேன். பதினொரு கோல் வாங்கியிருக்கிறோம்! என் இடத்தில் கோல் காக்கும் எமில்ராஜ் வெறுங்கையோடு பாய்கிறான். என் கிளவுஸைக் கேட்டு வந்தவனிடம், "அது அந்தோனியாருக்கு நேர்ந்து வைச்சது. என்ரை மகன் வந்துதான் போடுவான்" என்றீர்களாம்.

அவனுக்கே கொடுத்துவிடுங்கள், அப்பா. அந்தோனியார் கோபிக்கமாட்டார். போன மாதம் வேலையிடத்தில் இரும்புக் கதவில் கை நசுங்கியது. காயம் ஆறிவிட்டது, யோசிக்க வேண்டாம். அம்மாவுக்கு இப்போதைக்குச் சொல்லாதீர்கள்.

பஸ் வந்துவிட்டது. அந்தக் கிளவுஸ் இனி எனக்குச் சரிவராது. இடது கையில் மூன்று விரல்தான் இருக்கிறது.

மகன்
டெனிஸ்ரன்