ரதி வேடத்துச் சிவப்பு

அப்பா, இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் நம் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டு ஆட்கள் இருந்தால் அவர்களிடம்கூட வேண்டாம். அம்மா சாக்குத் திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறாள். விளக்குத் திரியை இறக்கி வைத்துக்கொண்டு கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அவள் இருமும்போதெல்லாம் பென்சிலை நிறுத்திவிடுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும் அம்மா கூரைச் சட்டத்திலிருந்து உங்கள் பிஸ்கட் டின்னை எடுத்து என் முன்னால் வைத்தாள். "காலையில எனக்கும் கொஞ்சம் போட்டு விடு தாயி. அப்பாவுக்குப் போட்ட மாதிரியே" என்றாள். மூடியைத் திறந்தேன். காறிப்போன தேங்காய் எண்ணெய் வாசம். சிவப்புப் பொடியின் நடுவில் உங்கள் விரல் தோண்டிய குழி அப்படியே இருந்தது.

மாசி மாதக் காமன் கூத்தில் எனக்கு நினைவு தெரிந்த நாளாக ரதி நீங்கள்தான். முத்துவெள்ளை பூசி, கன்னத்தில் சிவப்பேற்றி, அம்மாவின் கூறைச் சேலையைக் கட்டிக்கொண்டு, எரிந்துபோன மன்மதனுக்காக நீங்கள் அழும்போது கீழ்லயத்துப் பெண்களும் சேர்ந்து அழுவார்கள். கூத்து முடிந்த பிறகு மிச்சச் சாயத்தை நீங்கள் எறிய விட்டதில்லை. அட்டை கடித்துப் புண்ணான என் காலுக்கு முத்துவெள்ளை. பள்ளிக்கூடத்தில் வரைந்த இலங்கைப் படத்தில் ரயில் பாதைக்கு அந்தச் சிவப்பு. உங்கள் நரைக்குக் கண்மை. "இத மூஞ்சியில மட்டுந்தான் பூசணும்னு யாரு சொன்னது?" என்று சிரிப்பீர்கள்.

போன கூத்துக்குப் பிறகுதான் உங்களுக்கு இருமல் வந்தது. கன்னம் ஒட்டி, முகம் சாம்பலாகிவிட்டது. "சீக்காளின்னு தெரிஞ்சா தோட்டத்துப் பதிவுல பேர வெட்டிருவாங்க. பேரு போனா குடியிருக்கக் குடுத்த இந்தக் காம்பிராவும் போயிரும். நாம எங்க போறது?" என்றீர்கள். உங்கள் கை நடுங்கியதால் நான்தான் போட்டுவிட்டேன். வெள்ளை துளிகூடக் கூடாது, சிவப்பு மட்டும். மழை நாளென்றால் எண்ணெயில் குழைக்க வேண்டும். கன்னத்தில் தொடங்கிக் காதுப் பக்கம் இழுத்துக் கரைக்க வேண்டும். எல்லாம் நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.

ஒருநாள் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டில் எல்லோரும் வரிசையில் நிற்க, கணக்கப்பிள்ளை உங்கள் முகத்தை உற்றுப் பார்த்தார். "என்னடா, மாசி போயி மூணு மாசமாச்சு. ரதி இன்னும் வேசத்தக் கலைக்கலியா?" உங்களுக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு நின்ற நான் சிவப்புப் பட்ட விரல்களைப் பாவாடையில் மறைத்துக்கொண்டேன். நீங்கள் தலையில் முந்தானை போடுவதுபோல் கம்பளியை இழுத்து விட்டுக்கொண்டு, "புருசன் எரிஞ்ச துக்கமுங்க, அவ்வளவு சீக்கிரமாவா கலையும்?" என்றீர்கள். பெரட்டே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டுப் பேர் பதிந்தார்.

அதற்கு அடுத்த வாரம் தோட்டத்து டாக்டர் ஐயா லயத்துக்கே வந்தார். ஒவ்வொருவரையும் காம்பிரா வாசலில் நிறுத்திப் பார்த்தார். அன்றைக்குப் போட்டதுபோல் நான் என்றைக்குமே நன்றாகப் போட்டதில்லை அப்பா. இருமல் வராமலிருக்க நீங்கள் கருப்பட்டியை வாயில் அடக்கிக்கொண்டு நின்றீர்கள். "நீ நல்லாத்தான் இருக்க" என்று தோளில் தட்டிவிட்டு அடுத்த காம்பிராவுக்குப் போனார். அங்கே அதே இருமலோடு முகம் வெளுத்து நின்ற சித்தப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். "டாக்டரய்யாவே ஏமாந்துட்டாரு. என் மக பெரிய கைகாரி!" என்று நீங்கள் உள்ளே வந்து என் தலையைத் தடவினீர்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆடி மழையில் நீங்கள் போய்விட்டீர்கள். குளிப்பாட்டும்போது உங்கள் முகத்திலிருந்து சிவப்புத் தண்ணீர் வடிந்தது. அடியிலிருந்த முகத்தைப் பார்த்து அத்தை அலறினாள். "அய்யோ, இம்புட்டு நாளா ஒருத்தரும் பாக்கலியே!" நான் பார்த்திருந்தேன். தினமும் காலையில் நான் மட்டும் பார்த்திருந்தேன்.

சித்தப்பா தைப் பொங்கலுக்குத் திரும்பி வந்தார். இப்போது உடம்பு தேறிவிட்டது. மலைக்கு வேலைக்குப் போகிறார். அவர் பேரை வெட்டவில்லை அப்பா.

அம்மாவிடம் நான் சரி என்றுதான் சொன்னேன். பிறகு தண்ணீருக்குப் போவதுபோலக் குடத்தை எடுத்துக்கொண்டு டாக்டர் ஐயா வீட்டுக்கு ஓடினேன். அம்மா இருமுவதையும், துணியில் இரத்தம் பட்டிருந்ததையும் சொன்னேன். உங்களுக்கு நான் பூசியதையும் சொல்லிவிட்டேன். அவர் குடத்தை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். "காலையில பெரட்டுக்கு முன்ன நானே வர்றேன். மூஞ்சியில ஒண்ணும் பூசிவிடாத" என்றார்.

அம்மாவுக்கு இது தெரியாது. தெரிந்தால் என்ன சொல்வாளோ. சித்தப்பாவை விட்டுவைத்தவர்கள் அம்மாவையும் விட்டுவைப்பார்களா? காம்பிரா போய்விட்டால் அது என்னால்தான். போனாலும் போகட்டும் அப்பா, அவள் முகத்தில் எதையும் பூச மாட்டேன், கழுவி மட்டும் விடுவேன். டின் என் மடியில் இருக்கிறது. எறிய மனம் வரவில்லை. உங்கள் விரல் குழியில் என் விரலை வைத்துப் பார்த்தேன். நகக்கண்ணில் சிவப்பு ஏறிவிட்டது, தேய்த்தும் போகவில்லை.

பெரட்டுக்குக் கூப்பிடும் தப்புச் சத்தம் இன்னும் கேட்கவில்லை. ஆனால் வாசலில் டார்ச் வெளிச்சம். டாக்டர் ஐயாவாகத்தான் இருக்கும், கதவைத் தட்டுகிறார்கள். அம்மா எழுந்து டின்னைத் தேடுகிறாள் அப்பா, நான்