கடைசிப் பாட்டில் அந்தச் சீட்டி

இனயம்,
செவ்வாய்க்கிழமை.

ஷாஜனுக்கு மைனி எழுதுவது. இயேசுவுக்கே புகழ். ‘அன்புள்ள’ என்று போட இன்று கை வரவில்லை. போனில் பேசினால் வாயில் கண்டதும் வந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். உன் அம்மாவுக்குப் பிரஷர் குறைந்திருக்கிறது. பெபிஷாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். அதற்குக் காரணம் நீதான்.

திருவிழா நாடகத்துக்கு நீ சென்னையிலிருந்து அனுப்பிய பாட்டுகளை ஊரே மெச்சுகிறது. ஊதாரி மைந்தன் கூத்தடிக்கும் முதல் பாட்டிலேயே அந்த மெட்டு எனக்குப் பிடிபட்டுவிட்டது. வேகத்தைக் கூட்டி, டிரம்ஸைப் போட்டு ஒளித்துவிட்டால் தெரியாதா? பத்து வருஷம் கோயில் பாடற்குழுவில் பாடியவள் நான். பன்றி மேய்க்கும் பாட்டில் அதையே இழுத்து இழுத்து அழவிட்டிருக்கிறாய். தம்பி போன கோபத்தில் மூத்த மகன் முறுக்கிக்கொண்டு நிற்கும் பாட்டில் தலைகீழாகத் திருப்பியிருக்கிறாய். உன் அண்ணன் கடலிலிருந்து வந்து நம் சந்து திரும்பும்போது அடிக்கிற சீட்டி அது. வந்துவிட்டேன், கதவைத் திற என்று அர்த்தம். யாரைக் கேட்டு எடுத்தாய்?

மூன்று பாட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். கடைசியில், மகன் வீடு திரும்பும் இடத்தில், ஒரு ஒளிவும் இல்லாமல் புல்லாங்குழலில் அப்படியே ஊத வைத்துவிட்டாய். பெபிஷா எழுந்துவிட்டாள். “அம்மா, அப்பா வந்தாச்சு. வீடு பூட்டிக் கெடக்குல்லா” என்று சொல்லிக் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினாள். அவர் போன போட் காணாமல் போய் இரண்டு வருஷம் ஆகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது தெரியாமல் இல்லை. பின்னாலேயே ஓடினேன். வாசலில் யாரும் இல்லை. நாடகம்தான் மக்கா என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. முதுகில் ஒன்று வைத்தும்விட்டேன்.

அவளைப் பிடிக்கத்தான் ஓடினேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் வாசலில் போய் நின்றபோது சாவி என் கையில் இருந்தது ஷாஜன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முட்டத்தில் நாடகத்தை மறுபடி போடுகிறார்களாம். ஒளித்து வைத்த இடங்களில் அது இருந்துவிட்டுப் போகட்டும். கடைசிப் பாட்டில் மட்டும் எடுத்துவிடு. அதை அப்படியே அடிக்க உரிமை உள்ளவர் ஒருவர்தான்.

நோட்டீசில் அண்ணன் பெயரைப் போட்டது நல்லது. ஆனால் பெயருக்கு முன்னால் ‘மறைந்த’ என்று இருக்கிறது. அதை எடுக்கச் சொல். வெறும் ததேயுஸ் என்று இருந்தால் போதும். மாதா உன்னைக் காப்பாற்றட்டும்.

உன் மைனி,
ரெஜிலா