முப்பத்தாறு ஓட்டை, பதினோரு வயர்

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதறேன். நீ அங்கே நல்லா இருப்பேன்னு நம்பித்தான் பேனாவைத் தொட்டேன், இங்கே எல்லாரும் சுகம்னு பதிலுக்கு எழுதக் கை வரமாட்டேங்குது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழிச்சுப் போட்டுடாதேம்மா, முழுசாப் படிச்சிட்டு அப்புறம் என்ன வேணா திட்டு. போன் பண்ணினா எடுக்கமாட்டேங்கிற, மெசேஜ் போட்டா ஒத்தை டிக்கோட நிக்குது, போன ஞாயித்துக்கிழமை அம்மா போன்ல நான் ஹலோன்னதும் கட் பண்ணிட்ட, அதான் உன் சிநேகிதி வீட்டு வாசல்ல போய் நின்னு விலாசம் வாங்கினேன். தம்பிக்கு லாரி ஷெட்டுல வேலை நிரந்தரமாயிடுச்சு. சித்தி தினமும் வந்து சமைச்சு வச்சிட்டுப் போறா. சித்தி எதுக்கு வந்து சமைக்கணும்னு நீ கேப்ப, சொல்றேன், அதுக்கு முன்னாடி நான் பண்ணி வச்ச காரியத்தைச் சொல்லிடறேன்.

நீ விட்டுட்டுப் போன சின்தசைசர், அந்த வயர் குத்தி இசை எழுப்பற பெட்டி இருக்கில்ல, செருப்பு டப்பா அளவுக்கு. பெரிய ஆளுங்க வச்சிருக்கிற பீரோ மாதிரிப் பெட்டியெல்லாம் நமக்குக் கட்டாதுப்பா, வீட்டுல வாசிக்கிறவங்களுக்குன்னே இப்ப சின்னதா, சல்லிசா வருதுன்னு சொல்லி ஒவ்வொரு தகடா வாங்கிப் பூட்டினியே, அதான். போற அன்னிக்கு அதுல வயரெல்லாம் குத்தி, அம்மாகிட்ட இந்த ஸ்விட்சை மட்டும் போடு, வேற எதையும் தொடாதே, இதுக்கு ஞாபகசக்தி கிடையாது, வயரைப் பிடுங்கினா இந்தச் சத்தம் போனது போனதுதான்னு சொல்லிட்டுப் போனியாம். எனக்கு எங்கே தெரியும், நான்தான் அன்னிக்கு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வெளியே நின்னேனே. தினம் சாயங்காலம் அம்மா அதைப் போட்டுட்டு உன் கட்டில்ல போய் உக்காந்துப்பா. சத்தம் தானாவே மெதுவா ஏறும் இறங்கும், நேத்து கேட்ட மாதிரி இன்னிக்கு இருக்காது, நீ உள்ளே வேலை பார்த்துக்கிட்டே முணுமுணுக்கிற மாதிரியே இருக்கும். அதைக் கேட்டுக்கிட்டேதான் ரெண்டு வாய் சாப்பிடுவா.

போன மாசம் அம்மாவை மூணு நாள் ஆஸ்பத்திரியில வச்சிருந்தாங்க. மாத்துத்துணி எடுக்க நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். உன் ரூம்ல பெட்டி ஓடிக்கிட்டு இருக்கு, அடாப்டர் கையைச் சுடுது. ஆள் இல்லாத வீட்டுல கரண்ட் ஓட விடக்கூடாதுன்னு முப்பத்தோரு வருஷமா ஊருக்கெல்லாம் சொன்ன வயர்மேன் நான். ப்ளக்கைப் பிடுங்கினதோட நின்னிருக்கலாம். அம்மா வரும்போது சுத்தமா இருக்கட்டும்னு நினைச்சேன் பாரு, அங்கே பிடிச்சது சனியன். பதினோரு வயரையும் உருவினேன், துணியால துடைச்சேன், நீளவாரியா அடுக்கி சிவப்பு டேப் சுத்தினேன், வேலை முடிஞ்சா எல்லாத்தையும் பூஜ்யத்துல நிறுத்தற பழக்கத்துல குமிழையெல்லாம் கூடத் திருகி பூஜ்யத்துக்குக் கொண்டு வந்துட்டேன். செஞ்சு முடிச்சிட்டுப் பெருமையா வேற பார்த்துக்கிட்டு நின்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேரா உன் ரூமுக்குத்தான் போனா. ஸ்விட்சைப் போட்டா, விளக்கு மட்டும் எரிஞ்சுது. என்னைத் திட்டியிருந்தா தேவலை. கட்டில்ல உக்காந்துக்கிட்டு, “இப்பத்தான் பொண்ணு வீட்டை விட்டுப் போயிருக்கா”ன்னு சொன்னா.

நான் சும்மா இருக்கலைம்மா. பெட்டி முகத்தைப் பேப்பர்ல வரைஞ்சு முப்பத்தாறு ஓட்டைக்கும் நம்பர் போட்டு, ஒவ்வொண்ணா மாத்தி மாத்திக் குத்திப் பார்த்தேன். கொசு கத்தற மாதிரி வருது, டயர்ல காத்து போற மாதிரி வருது, உன் சத்தம் வரமாட்டேங்குது. மூணு மாடிக் கட்டடத்துக்கு ஒத்தை ஆளா வயரிங் பண்ணினவன், செருப்பு டப்பா முன்னாடி உக்காந்து அழுதேன். பெட்டியைத் தூக்கிக்கிட்டு இசைக்கருவிக் கடைக்கும் போனேன். குத்தினவங்களுக்குத்தான் தெரியும் சார், நாங்க வேற சத்தம் வேணா வச்சுத் தரோம்னு அந்தப் பையன் பாவமா சொன்னான். போன்ல பதிவு பண்ணி வச்சிருக்கலாமேன்னும் கேட்டான். தினமும் வீட்டுல இருக்கிறதை யாராவது பதிவு பண்ணி வைப்பாங்களா?

இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது. அம்மாவுக்கு நெஞ்சுல நீர் கோக்குது, எடுக்க எடுக்கத் திரும்ப வருது. ஞாயித்துக்கிழமை உன்கிட்ட கணீர்னு பேசறாளே, அதுக்காகக் காலையிலேர்ந்து வாயைத் திறக்காம மூச்சைச் சேர்த்து வச்சுக்குவா, பேசி முடிச்சதும் தலகாணியில சாஞ்சா எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆகும். உன்கிட்டச் சொன்னா நீ பயந்துடுவேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. வயர் விஷயத்தையும் சொல்லமாட்டேங்கிறா, உனக்கு என்மேல கோவம் இன்னும் ஏறிடுமாம், இந்த நிலைமையிலயும் எனக்குப் பரிஞ்சுக்கிட்டு நிக்கறா. முந்தாநாள் டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, “வேண்டியவங்களுக்கெல்லாம் சொல்லிடுங்க”ன்னு சொல்லிட்டார். நான் யாருக்கும்மா சொல்ல, எங்களுக்கு வேண்டியவ நீதானே.

எந்த வயர் எந்த ஓட்டைக்குன்னு நான் வரைஞ்ச படத்துலயே கோடு போட்டு அனுப்புன்னு கேக்கத்தான் கடிதத்தை ஆரம்பிச்சேன், படமும் இதுலயே மடிச்சு வச்சிருக்கேன். இவ்வளவு எழுதினப்புறம் தெரியுது, படம் போய், கோடு வந்து, நான் குத்தி, அதுக்கெல்லாம் நாள் இல்லை. படத்தை விடு, நீயே வந்து குத்திக் கொடு. அன்னிக்கு, இந்த இரைச்சலைத் தூக்கிக்கிட்டு எங்கேயாவது போன்னு சொன்ன வாய் இதுதான், தப்பும்மா, பெரிய தப்பு. என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கலைன்னா சொல்லு, நீ இருக்கிற வரைக்கும் நான் ஷெட்டுல தம்பியோட படுத்துக்கறேன்.

ஒரு குறையும் இல்லாம நீ நூறு வருஷம் இருக்கணும். ஈரக் கையோட ஸ்விட்சைத் தொடாதே, கிளம்பற அவசரத்துல அயர்ன்பாக்ஸை அணைக்க மறந்துடாதே. பதினோரு வயரும் உன் அலமாரி மேல் தட்டுல அப்படியே இருக்கு, இனிமே நான் கை வைக்கமாட்டேன்.

பிடுங்கத் தெரிஞ்ச அளவுக்குத் திரும்பக் குத்தத் தெரியாத
உன் அப்பா