ஹவ் என்றால் ஆமாம்

என் ஜமீலாவுக்கு,

உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் இருபது வருஷம் போலாரத்துப் பள்ளி ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "கிழிஞ்சுது போ ஆபா" என்று என்னிடமே சொல்லும் அளவுக்குத் தமிழ் கேட்டவள் நீ. அக்காவுக்கு உங்கள் வீட்டுச் சொல் ஆபா. என்னை அப்படி அழைத்தவள் நீ ஒருத்திதான். அதனால் இதை உரக்கப் படித்துக்கொண்டே எழுதுகிறேன். கேட்டுக்கொள்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், அடக்க முடியவில்லை. வருகிற சனிக்கிழமை தார்நாகாவில் ஓர் அரங்கில் உன் மகள் நஸ்ரினின் படத்தைத் திரையிடுகிறார்கள்! ஒன்பது நிமிஷ அனிமேஷன் படம். கதையும் அவளுடையது, இயக்கமும் அவளுடையது. நான் ஏற்கெனவே இரண்டு முறை பார்த்துவிட்டேன். இருந்தாலும் சனிக்கிழமைக்கான புடவையை இன்றே இஸ்திரி போட்டு வைத்தாயிற்று.

"கார்ட்டூன்தானே ஆபா" என்பாய். கணக்கு டீச்சர் ஓர் எடுத்துக்காட்டு சொல்லட்டுமா? விளையாட்டு டீச்சர் நீ, மைதானத்தில் கையைத் தூக்கி விசில் ஊதுவாயே, அதற்கு ஒரு விநாடி ஆகுமா? அந்த விநாடியை இருபத்துநான்கு துண்டாக்கு. ஒவ்வொரு துண்டிலும் உன் முழங்கை எங்கே இருந்தது, கன்னம் எவ்வளவு உப்பியது என்று முடிவு செய்ய வேண்டும். உன் மகள் நாள் முழுக்கச் செய்வது அதைத்தான். நான் முப்பது வருஷம் போட்ட கணக்கெல்லாம் இதற்கு முன்னால் சும்மா.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? "இந்தப் படம் வரையற வேலையை விடச் சொல்லு ஆபா. பி.எட். பண்ணட்டும். எங்க மாதிரி முகத்தை அங்கே யாரு உள்ளே விடுவாங்க?" நான் சரி என்றேன்.

உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் அதைச் சொல்லத்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். வெறும் பென்சில் கோடுகள், முகம்கூட வரையவில்லை. ஒரு பெண் நடந்து போகிறாள். இடது தோள் சற்று இறங்கியிருக்கிறது. பந்து மூட்டை தூக்கித் தூக்கி இறங்கிய தோள். "ஜமீலா!" என்று கத்திவிட்டேன். அதற்கப்புறம் உன் செய்தியை எப்படிச் சொல்வேன்? இரண்டு வருஷம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.

நீ பயந்தது வீண் இல்லை. உன் கொள்ளுத்தாத்தா நிஜாமின் குதிரைப் படைக்கென்று ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர். அதற்குப் பிறகு உங்கள் குடும்பத்தில் எல்லோரும் பிறந்தது நிஜாம் ஆண்ட இந்த ஊரில்தான். ஆனாலும் ஆட்டோவில் ஏறினால் "எந்த நாடு?" என்ற கேள்விதான். ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வாசலில் செக்யூரிட்டி நஸ்ரினிடம் இங்கிலீஷில் பாஸ்போர்ட் கேட்டிருக்கிறார். "இங்கே மாசாப் டேங்க்ல பொறந்தவளுக்குக் கைக்கு பாஸ்போர்ட், பையா?" என்று கேட்டாளாம் உன் மகள். 'எதுக்கு, அண்ணா' என்பதற்கு நம் ஊர்ப் பேச்சு 'கைக்கு, பையா'. கைக்கு என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வெளிநாட்டுக்காரிக்கு அந்தச் சொல் எப்படித் தெரியும்? இப்போது தினமும் அவளுக்கு முதல் சலாம் அவருடையதுதான்.

அங்கே ஒரு வருஷம் மற்றவர்களுடைய படங்களுக்கு மரமும் மேகமும் வரைந்தாள். பிறகுதான் சொந்தப் படத்துக்கு வாய்ப்புக் கிடைத்தது. பள்ளி ஓட்டப் பந்தயத்தில், ரிப்பனுக்குள் அடங்காத சுருட்டை முடியோடு ஒரு கறுப்புச் சிறுமி ஓடுகிறாள். அந்தச் சிறுமியின் நிறத்தைக் கலப்பதற்கே மூன்று வாரம் எடுத்துக்கொண்டாள் நஸ்ரின். நெற்றியில் செம்பு, கைமடிப்பில் அடர்ந்த கறுப்பு, உள்ளங்கையில் ரோஜா. கம்ப்யூட்டரில் அந்த நிறத்துக்கு அவள் வைத்த பெயர் 'அம்மி'. எங்கள் வீட்டில் அது அரைக்கிற கல், உங்கள் வீட்டில் அம்மா.

போன மாதம்தான் அந்தக் கூத்து நடந்தது. மும்பையிலிருந்து தயாரிப்பாளர் அம்மாள் வீடியோ காலில் வந்தார். முகம் இரண்டு படி வெளுப்பாக இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியுமே, மாற்றிவிடலாமா என்று கேட்டார். நஸ்ரினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இங்கிலீஷில் "ஹவ்?" என்று மட்டும் கேட்டாள். எப்படி இப்படிக் கேட்கிறீர்கள் என்பது அவள் அர்த்தம். அந்த அம்மாளோ இவள் வழி கேட்கிறாள் என்று நினைத்து, எப்படி வெளுப்பாக்குவது என்று விளக்க ஆரம்பித்துவிட்டார்.

பக்கத்து மேஜையில் ஸ்ரீனு இருந்தான். படத்துக்கு வெளிச்சம் அமைப்பவன், நல்ல பிள்ளை, நம் ஊர்க்காரன். அதுதான் வினை. அவன் காதில் விழுந்தது நம் ஊர் ஹவ். ஆமாம், சரி, அப்படியே ஆகட்டும் என்று நீ ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்வாயே, அந்த ஹவ்! நஸ்ரின் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் படம் முழுக்க அந்தச் சிறுமியை வெளுத்து, மும்பைக்கும் அனுப்பிவிட்டான். "அருமை" என்று பதிலும் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் நேரே அல்வாலுக்கு, என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "போதும் ஆன்ட்டி. நான் பி.எட். அப்ளிகேஷன் போடறேன்."

நீ கேட்டது அப்படியே என் வாசலில் வந்து நின்றது, ஜமீலா. நான் வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும்.

"காட்டு, பார்க்கலாம்" என்றேன். வெளுத்த படத்தைப் போட்டாள். பார்த்துவிட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லாத்தானே இருக்கு?" அவள் என்னைப் பார்த்த பார்வையை உன்னிடம் சொல்ல மாட்டேன். இருபது வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான்.

அப்புறம் சிறுமி ஓடும் காட்சி வந்தது. இடது தோள் இறங்கியது. உன் தோள். அதன் மேல் யாரோ ஒருத்தியின் முகம். விடைத்தாளில் வழிமுறை எல்லாம் சரியாக இருந்து, விடையை மட்டும் பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. "நஸ்ரின், இது யாரு? எனக்கு இவளைத் தெரியலையே" என்றேன்.

"அதைத்தான் ஆன்ட்டி நானும் சொல்றேன்" என்று அழுதாள்.

அப்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ கையைப் பிடித்தது, பி.எட்., நான் சரி என்றது. அவள் அழுகை சட்டென்று நின்றது. "இதை வெச்சிக்கிட்டா ரெண்டு ரம்ஜானுக்கும் எங்க வீட்டு ஷீர் குர்மா பாயசத்தைச் சாப்பிட்டீங்க?"

"இரண்டு கிண்ணம்" என்றேன்.

சிரித்துவிட்டாள். "அம்மி எப்பவும் அப்படித்தான் ஆன்ட்டி. ஸ்போர்ட்ஸ் டேக்கு முன்னாடி நாள் 'ஓடாதே, விழுவே'ன்னு உயிரை வாங்குவாங்க. மறுநாள் கோட்டுக்கிட்ட நின்னு விசில் ஊதறதும் அவங்கதான்."

இதை நான் ஏன் யோசிக்கவில்லை? நீ ஊதிய விசிலை எத்தனை வருஷம் வகுப்பில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்!

மறுநாள் தயாரிப்பாளரிடம் தெளிவாக "நோ" என்றாள். பக்கத்து மேஜைக்கும் புரியட்டும் என்று நம் ஊர் "நக்கோ"வையும், வேண்டாம் என்று, சேர்த்துக்கொண்டாள். முகம் தெரிய வேறு வழி காட்டினால் பார்க்கலாம், இல்லையென்றால் வெளுத்ததுதான் போகும் என்றார் அந்த அம்மாள். ஸ்ரீனு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் வந்து, "முகத்தைத் தொடலக்கா. சூரியனைத்தான் கொஞ்சம் நகர்த்தினேன்" என்றானாம்.

அவ்வளவுதான் ஜமீலா! வெயில் பக்கவாட்டில் விழுந்ததும் நெற்றியில் செம்பு ஏறிவிட்டது. மாலை நாலு மணிக்கு மைதானத்திலிருந்து திரும்பி வரும் உன் முகம். தயாரிப்பாளர் அம்மாள் மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, இது என்ன நிறம் என்று கேட்டாராம். "அம்மி" என்றாள் உன் மகள். படம் அப்படியே போகட்டும் என்றார்.

ஸ்டுடியோவில் இப்போது ஒரு சட்டம். வீடியோ காலில் யாரும் ஹவ் என்று சொல்லக் கூடாது.

அடுத்த படம் உன்னைப் பற்றி. விசிலும் பந்து மூட்டையுமாக, முழு நீளத்துக்கு ஒரு ஜமீலா. "அம்மி ஒத்துக்குவாங்களா ஆன்ட்டி?" என்று நேற்றுக் கேட்டாள். சனிக்கிழமை சொல்கிறேன் என்றேன்.

நீ ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு என் பதில் நக்கோ. கோபித்துக்கொள். ஆனால் சனிக்கிழமை படம் முடிந்து விளக்கு போட்டதும் எழுந்து நின்று, அந்த அரங்கம் முழுக்கக் கேட்கும்படி, உனக்கும் சேர்த்து நான் ஹவ் சொல்வேன். நம் ஊர் ஹவ். இது சத்தியம்.

உன் ஆபா,
லலிதா